ஆயில் குடிக்கும் காரும், கூலி கொடுக்காத நாமும்

எங்கள் வீட்டில் ஒரு பழைய கார் நிற்கிறது. 1998 மாடல். மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் வைத்த சின்னப் பெட்ரோல் வண்டி. அப்பா பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த காலத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. இருபத்தைந்து வயது தாண்டிய எந்தக் காருக்கும் வரக்கூடிய வியாதிதான் இது. கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

வியாதி என்னவென்றால், ஆயில் குறைகிறது. எங்கே போகிறது என்று தெரியவில்லை. ராத்திரி முழுக்க வண்டி நின்ற இடத்தில் காலையில் பார்த்தால் தரையில் ஒரு சொட்டுக் கறை கிடையாது. சைலன்சரில் நீலப்புகையும் கிடையாது. ஆனால் காரைக்குடியில் இருந்து மதுரைக்கு மூன்று தடவை போய் வந்தால் டிப் ஸ்டிக்கில் ஆயில் கீழ்க்கோட்டுக்கு வந்துவிடும்.

மதுரைக்கு எதற்கு என்றால், அப்பத்தாவுக்குக் கண் வைத்தியம். மாதம் ஒரு தடவையாவது போயாக வேண்டும். பஸ்ஸில் ஏறி இறங்க அவரால் முடியாது. வாடகைக் கார் ஒவ்வொரு தடவையும் வைக்க அப்பாவின் பென்ஷனால் முடியாது. ஆக, இந்தக் கிழட்டுக் கார் ஓடியே ஆக வேண்டும்.

அப்பா முதலில் காட்டிய மெக்கானிக் ஐந்தே நிமிடத்தில் தீர்ப்பு சொல்லிவிட்டார். "ரிங் போயிருச்சு சார். இன்ஜினை இறக்கி, போர் போட்டு, பிஸ்டன் ரிங் எல்லாம் மாத்திரணும். முப்பத்தெட்டாயிரம் ஆகும். இல்லேன்னா ஒரு நாளைக்கு நடு ரோட்டுல நிறுத்திரும்."

அப்பா வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்தார். "நீ மெக்கானிக்கல்தானடா படிக்கிற? மூணாவது வருசம் வேற. நீ சொல்லு, இறக்கணுமா வேண்டாமா?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பரீட்சையில் ஆட்டோ சைக்கிள் படம் போட்டு அம்புக்குறி வரையத் தெரியும். பானெட்டைத் திறந்து டிஸ்ட்ரிபியூட்டர் எது என்று காட்டத் தெரியாது :-) வெட்கமாகத்தான் இருந்தது. "ரெண்டு மாசம் டைம் குடுங்கப்பா, அளந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்று தப்பித்துக்கொண்டேன்.

அந்த இரண்டு மாதத்தில் நான் தெரிந்துகொண்டதும், அதில் இருந்து எனக்குள் வந்த ஒரு கருத்தும்தான் இந்தக் கட்டுரை. கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் பழுதைச் சரி செய்யக் காசு கொடுக்கிறோம். பழுதைக் கண்டுபிடிக்கக் காசு கொடுப்பதே இல்லை. அதனால்தான் நம் ஊரில் இறக்கத் தேவையில்லாத இன்ஜின்கள் இறக்கப்படுகின்றன. தப்பு மெக்கானிக் மேல் மட்டும் இல்லை, நம் மேலும் இருக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கண்ணுக்குத் தெரியாது என்பது கணக்கு

"தரையில கறை இல்ல, அப்ப ஒழுகல. ஒழுகலைன்னா எரியுது. எரியுதுன்னா ரிங்." முதல் மெக்கானிக் சொன்னது இந்த வழியில் வந்த முடிவுதான். கேட்கும்போது சரியாகத்தான் படுகிறது. நானும் நம்பினேன். பிறகு ஒரு நாள் ஹாஸ்டலில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

ஒரு மில்லி ஆயில் என்பது தோராயமாக 20 சொட்டு. ஒரு லிட்டர் என்றால் 20,000 சொட்டு. 1000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 மீட்டருக்கு ஒரு சொட்டு விழுந்தால் போதும், கணக்கு சரியாகப் போய்விடும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது மூன்று விநாடிக்கு ஒரு சொட்டு. அதுவும் ஓடும்போது மட்டும். அது ரோட்டில் விழும், அல்லது காற்றில் பறந்து வண்டியின் அடிவயிற்றில் அப்பிக்கொள்ளும், அல்லது சூடான எக்ஸாஸ்ட் குழாயில் பட்டுப் பொசுங்கிவிடும். வீட்டு வாசலில் ஒரு சொட்டுக்கூட விழ வேண்டிய அவசியம் இல்லை.

நிற்கும்போது ஏன் ஒழுகாது? இன்ஜின் நின்றதும் ஆயில் எல்லாம் கீழே சேம்பரில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஒழுகும் இடம் மேலே இருந்தால் அங்கே ஆயிலே இருக்காது. ஓடும்போதுதான் பம்ப் மேலே ஏற்றுகிறது, உள்ளே காற்றழுத்தமும் உண்டாகிறது.

சரி, எரிகிறது என்றே வைத்துக்கொள்வோம். புகை தெரிய வேண்டாமா? அதற்கும் கணக்குப் போட்டேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் 1000 கிலோமீட்டர் போக 1000 நிமிடம். நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் மொத்தம் 30 லட்சம் சுற்று. இரண்டு சுற்றுக்கு ஒரு முறை ஒவ்வொரு சிலிண்டரும் எரிகிறது. மூன்று சிலிண்டருக்கு 45 லட்சம் தடவை. ஒரு லிட்டரை 45 லட்சத்தால் வகுத்தால், ஒரு தடவை எரிவது ஒரு சொட்டில் ஏறக்குறைய 200ல் ஒரு பங்கு. அது சீராக எரிந்தால் பின்னால் வருகிறவர் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம்.

ஆக, கறை இல்லை என்பதால் ஒழுகவில்லை என்று சொல்ல முடியாது. புகை இல்லை என்பதால் எரியவில்லை என்றும் சொல்ல முடியாது. ஐந்து நிமிடத்தில் யாராலும் சொல்ல முடியாது. இதுதான் எனக்குக் கிடைத்த முதல் பாடம்.

நோட்டுப் புத்தகம்

இரண்டாவது பாடம், "நிறைய குடிக்குது" என்பது ஒரு அளவே இல்லை. எவ்வளவு? எத்தனை கிலோமீட்டருக்கு?

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி டேஷ்போர்டில் போட்டேன். காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்னால், வாசலில் சமமான ஒரே இடத்தில் நிறுத்தி டிப் ஸ்டிக்கைத் துடைத்துப் பார்ப்பது. ஓடி வந்த உடனே பார்த்தால் ஆயில் இன்னும் மேலே தொங்கிக்கொண்டிருக்கும், குறைவாகக் காட்டும். சரிவில் நிறுத்திப் பார்த்தாலும் தப்பாகக் காட்டும். குறைந்ததை மேல்கோடு வரை ஊற்றி, எத்தனை மில்லி ஊற்றினோம் என்று எழுதுவது. இருமல் மருந்து பாட்டிலோடு வரும் அளவுக் குப்பி இதற்குப் போதும்.

முதல் கணக்கு: 950 கிலோமீட்டர், 850 மில்லி. இதில் மூன்று மதுரைப் பயணம் 540 கிலோமீட்டர். மிச்சம் 410 ஊருக்குள். வேடிக்கை என்னவென்றால், ஊருக்குள் ஓடிய நாட்களில் ஆயில் குறையவே இல்லை. மதுரை போய் வந்தால்தான் விழுந்தது.

இதில் ஒரு சூட்சுமம் இருப்பது பின்னால்தான் தெரிந்தது. ஊருக்குள் இரண்டு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர் என்று ஓட்டும்போது, அதுவும் காலையில் சோக்கை இழுத்து ஓட்டும்போது, எரியாத பெட்ரோல் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். ஆயில் குறைந்த இடத்தைப் பெட்ரோல் நிரப்பிவிடும். டிப் ஸ்டிக் 'எல்லாம் நலம்' என்று பொய் சொல்லும். நீண்ட தூரம் ஓடி இன்ஜின் நன்றாகச் சூடானால் அந்தப் பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும். அப்போது இரண்டு குறைவும் ஒன்றாகத் தெரியும். டிப் ஸ்டிக்கை மூக்கருகே வைத்தால் பெட்ரோல் வாடை வந்தால் இதைச் சந்தேகிக்கலாம். பழைய வண்டிகளில் இன்ஜினோடு சேர்ந்த பெட்ரோல் பம்பில் டயாப்ரம் கிழிந்தாலும் இதே வாடை வரும்.

எவ்வளவு குறைந்தால் பரவாயில்லை என்ற கேள்வியும் இருக்கிறது. இன்ஜின் என்றால் கொஞ்சம் ஆயில் எரியத்தான் செய்யும். ரிங்கும் வால்வும் உராயும் இடத்தில் ஆயில் இருந்தே ஆக வேண்டும், அதில் ஒரு துளி உள்ளே போகும். ஸ்கோடா கார் கையேட்டில் 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை ஆகலாம் என்று போட்டிருக்கிறார்கள். புது வண்டிக்கான புத்தகத்திலேயே இப்படி. எங்கள் வண்டி அதைத் தாண்டிவிட்டது, அது நிஜம். ஆனால் முப்பத்தெட்டாயிரத்துக்கு அதுவே ஆதாரம் ஆகாது.

இரண்டாவது மெக்கானிக்

அப்பாவின் பழைய மாணவர் ஒருவர் சொல்லி, இன்னொரு மெக்கானிக்கிடம் போனோம். பெரிய ஒர்க்‌ஷாப் இல்லை. ஒரு தகரக் கொட்டகை, ஒரு பள்ளம், ஒரு வேப்பமரம். ஐம்பது வயது இருக்கும். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. முதலில் கேட்டது ஒரு கேள்வி.

"டவுன்ல குறையுதா, ஹைவேஸ்ல குறையுதா தம்பி?"

நோட்டை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பக்கம் விடாமல் படித்தார். "இத எழுதி வச்சிருக்கீங்களே, பாதி வேலை முடிஞ்சுது" என்றார். நான்கு வருடப் படிப்பில் எந்த வாத்தியாரும் என் நோட்டை அப்படிப் பார்த்தது கிடையாது.

அடுத்து, "இதுக்கு முன்னாடி ஏதாச்சும் பேக்கிங் மாத்துனீங்களா?" என்று கேட்டார். போன வருடம் டாப்பெட் கவர் பேக்கிங் மாற்றியதை அப்பா சொன்னார். "மாத்துனதும் நின்னுச்சா?" "ரெண்டு மாசம் நல்லா இருந்துச்சு, அப்புறம் மறுபடியும்..." அவர் தலையாட்டிக்கொண்டார்.

பிறகு அவர் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டு வண்டிக்கும் இது உதவும். காசு ஆகாத சோதனை முதலில், காசு ஆகும் சோதனை கடைசியில். வரிசையின் தத்துவம் அவ்வளவுதான்.

முதலில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தார் (இன்ஜின் ஆறியிருக்கும்போதுதான் திறக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்). தண்ணீரில் ஆயில் மிதக்கவில்லை. ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் வெண்ணெய் மாதிரி எதுவும் இல்லை. இருந்திருந்தால் ஹெட் பேக்கிங்கைச் சந்தேகிக்கலாம். ஆனால் குறைந்த தூரமே ஓடும் வண்டியில் வெறும் ஈரப்பதத்தாலும் அது வரும் என்றார்.

அடுத்து மூன்று பிளக்கையும் கழற்றினார். ஒரு பிளக் மட்டும் கறுத்து ஆயில் பிசுபிசுப்போடு வந்தால் அந்த சிலிண்டரில் ஆயில் இறங்குகிறது என்று அர்த்தம். எங்கள் வண்டியில் மூன்றும் ஏறக்குறைய ஒரே நிறம், காய்ந்துதான் இருந்தன.

பிளக் கழற்றிய கையோடு கம்ப்ரஷன் கேஜை வைத்துப் பார்த்தார். மூன்று சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டின. அளவு குறைந்திருந்தால் அதே ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பாராம். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் பேக்கிங். இங்கே நானாக முந்திக்கொண்டு "அப்ப ரிங் நல்லா இருக்குன்னு அர்த்தமாண்ணே?" என்றேன். "அப்படிச் சொல்லிற முடியாது தம்பி" என்றார். பிஸ்டனில் மேலே இருக்கும் ரிங்குகள் அழுத்தத்தைப் பிடிப்பவை, கீழே இருக்கும் ஆயில் ரிங் சுவரில் ஆயிலை வழிப்பது. மேலே உள்ளது நன்றாக இருந்து, கீழே உள்ளது கரிபிடித்து ஒட்டிக்கொண்டால் கம்ப்ரஷன் சரியாகக் காட்டும், ஆயிலும் எரியும். ஒரு சோதனையை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது என்பது அவர் சொன்னதில் எனக்கு ரொம்பப் பிடித்தது.

பிறகு இன்ஜினை டீசல் போட்டுக் கழுவினார். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பாலித்தீன் பை கட்டிவிட்டு. காயவைத்து, முகத்துக்குப் போடும் பவுடரை இன்ஜின் முழுக்கத் தூவினார். அப்பா சிரித்துவிட்டார். "கல்யாண மாப்பிள்ளை கணக்கா இருக்கு."

அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு திருப்பத்தூர் வரை போய் வந்தோம். போக வர நாற்பது கிலோமீட்டர் சொச்சம். வழியில் அவரே ஓட்டினார். அறுபதில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்துக் கொஞ்ச தூரம் இன்ஜின் பிரேக்கில் விட்டு மறுபடி மிதிப்பார். என்னைப் பின் கண்ணாடி வழியாகப் புகை பார்க்கச் சொன்னார். காலை எடுத்து மறுபடி மிதிக்கும்போது மட்டும் குபுக்கென்று நீலமாக வந்தால் வால்வு சீல். ராத்திரி நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஒரு குபுக் வந்தாலும் அதுவே. மிதித்து ஏறும்போது தொடர்ந்து வந்தால் ரிங். கறுப்பாக வந்தால் பெட்ரோல் அதிகம், ஆயில் இல்லை. எங்களுக்கு மிதிக்கும்போது லேசாக ஒரு நீலம் தெரிந்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான்.

திரும்பி வந்து பானெட்டைத் திறந்தபோது எனக்கே தெரிந்தது. வெள்ளைப் பவுடரில் ஒரு கறுப்புக் கோடு. டிஸ்ட்ரிபியூட்டர் ஹெட்டில் வந்து உட்காரும் இடத்தில் ஆரம்பித்து, கீழே இறங்கி, கியர்பாக்ஸ் மேல் பரவி, அடியில் காய்ந்து போயிருந்த பழைய பிசுக்கோடு சேர்ந்தது. ஆயில் எப்போதும் கீழேயும் பின்னாலேயும்தான் ஓடும். அதனால் நனைந்த இடத்தைப் பார்க்கக் கூடாது, நனைந்த இடங்களிலேயே உயரமானது எது என்று பார்க்க வேண்டும். பள்ளத்தில் இறங்கிக் கீழே இருந்து மட்டும் பார்த்தால் கிராங்க் ஆயில் சீல் போய்விட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதற்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். ஒழுகியதோ மேலே இருந்த ஒரு ஓ ரிங்.

சரி, ரப்பர் வளையம் மாற்றினால் முடிந்தது என்று நான் எழுந்துவிட்டேன். அவர் எழவில்லை. "போன வருசம் கவர் பேக்கிங், இந்த வருசம் இது. அடுத்த வருசம் எது? ஏன் ஒழுகுதுன்னு பாக்கணும்ல?"

வண்டியை ஐடிலில் விட்டு ஆயில் மூடியைத் திறந்தார். உள்ளிருந்து புஸ் புஸ்ஸென்று காற்று வந்தது. பிஸ்டன் ரிங் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கொஞ்சம் வாயு கீழே இறங்கும். அது வெளியே போக வழி வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு குழாய் வைத்து ரோட்டிலேயே விட்டுவிட்டார்கள். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், புகைமூட்டத்தால் அவதிப்பட்ட கலிபோர்னியாவில்தான், அதை இன்ஜினே திரும்ப உறிஞ்சி எரிக்கிற மாதிரி ஒரு வால்வு புதுக் கார்களில் வந்தது. பிசிவி வால்வு என்பார்கள். விரல் நீளத்துக்கு ஒரு சின்னச் சாமான். கழற்றி ஆட்டினால் உள்ளே கடகடவென்று சத்தம் வர வேண்டும். எங்கள் வண்டியில் அது ஆடவில்லை, கல்லாகிக் கிடந்தது. அதன் ரப்பர் குழாய் உள்ளே கறுப்புச் சேறு.

கதை இப்போது முழுசாகப் புரிந்தது. வாயு போக வழி இல்லை. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. ஹைவேஸில் வேகமாக ஓடும்போது இன்னும் ஏறுகிறது. எந்த ஓட்டை பலவீனமோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளுகிறது. போன வருடம் டாப்பெட் கவர் பலவீனமாக இருந்தது. அதை அடைத்தோம். அடுத்த பலவீனத்தைத் தேடிக்கொண்டது.

இறக்கியிருந்தாலும் நின்றிருக்கும்

இப்போதுதான் நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் மெக்கானிக் சொன்னபடி முப்பத்தெட்டாயிரம் கொடுத்து இன்ஜினை இறக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆயில் குறைவது நின்றிருக்கும்! ஆமாம். இன்ஜினைப் பிரித்தால் எல்லா பேக்கிங்கும் புதுசு, எல்லா ஆயில் சீலும் புதுசு, டிஸ்ட்ரிபியூட்டர் ஓ ரிங்கும் புதுசு, குழாய்களும் சுத்தம். எந்த இடத்தில் ஒழுகியிருந்தாலும் நின்றுவிடும். அப்பா சந்தோஷமாக வண்டியை எடுத்து வந்திருப்பார். "கரெக்டா சொன்னாருய்யா, ரிங்தான்" என்று நாலு பேரிடம் சொல்லியிருப்பார். அந்த மெக்கானிக்கும் தன் தீர்ப்பு சரி என்றே நம்பியிருப்பார். அடுத்த வண்டிக்கும் அதையே சொல்வார்.

எல்லாவற்றையும் மாற்றும் வைத்தியம் எந்தத் தப்பான தீர்ப்பையும் சரியென்று காட்டிவிடும். தான் தப்பாகச் சொன்னது அவருக்கே தெரிய வழியில்லை. அவரை நான் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன்.

அவர் ஏன் தேடவில்லை? அவர் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். மூன்று மணி நேரம் தேடி, "ஒரு ஓ ரிங், ஒரு வால்வு" என்று சொன்னால் அவருக்கு என்ன கிடைக்கும்? தேடியும் கிடைக்காவிட்டால்? "பாத்ததுக்கெல்லாம் காசா?" என்று கேட்டுவிட்டு நாம் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவோம். அவருக்குச் சோறு போடுவது தேடல் இல்லை, மாற்றும் வேலை. அப்படி ஒரு ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, அவர் நிதானமாகத் தேட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

இது ஏதோ ஊரைப் பற்றி நான் சொல்லும் உபதேசம் இல்லை. எங்கள் வீட்டிலேயே நடந்தது. இரண்டாவது மெக்கானிக் எல்லாம் முடித்துச் சாமான் செலவு 400 ரூபாய், கூலி 800 என்றார். அப்பா சொன்னார்: "ஏம்ப்பா, ஒரு ரப்பர் வளையம் மாட்டுனதுக்கு எண்ணூறா? ஐநூறு வச்சுக்க."

முப்பத்தெட்டாயிரம் மிச்சப்படுத்திய மனிதரிடம் முந்நூறு ரூபாய் பேரம். அப்பா கெட்டவர் இல்லை. கடன் வாங்கி என்னைப் படிக்கவைப்பவர். அவர் கண்ணுக்கு ரப்பர் வளையம் தெரிந்தது, மூன்று மணி நேரம் தெரியவில்லை. அவ்வளவுதான். மெக்கானிக் எதுவும் பேசாமல் ஐநூறை வாங்கிக்கொண்டார். நான் வண்டியில் ஏறும்போது மட்டும் மெதுவாகச் சொன்னார்: "இந்நேரத்துக்கு ரெண்டு வண்டிக்கு பிரேக் வேலை முடிச்சிருப்பேன் தம்பி. உங்க நோட்டப் பாத்து ஆசைப்பட்டு உக்காந்துட்டேன்."

அடுத்த தடவை அவர் உட்காருவாரா? தெரியாது.

"பழைய வண்டிக்கு எதுக்கு இவ்வளவு?"

நண்பர்கள் சிலர் கேட்டார்கள். "டேய், அந்த டப்பாவுக்கு ஆயில் ஊத்திக்கிட்டே ஓட்ட வேண்டியதுதானே? எதுக்கு ஆராய்ச்சி?"

ஊற்றிக்கொண்டே ஓட்டலாம், தப்பில்லை. ஆனால் எவ்வளவு குறைகிறது என்று தெரிந்து ஓட்டுவது வேறு, தெரியாமல் ஓட்டுவது வேறு. பலர் "லைட் எரிஞ்சா ஊத்திக்கலாம்" என்று இருக்கிறார்கள். பழைய கார்களில் டேஷ்போர்டில் எரியும் அந்தச் சிவப்பு ஆயில் லைட் ஆயில் அளவைக் காட்டுவது இல்லை, அழுத்தத்தைக் காட்டுவது. ஓடும்போது அது எரிந்தால் பம்புக்கு ஆயில் கிடைக்கவில்லை என்று அர்த்தம். பேரிங் காய ஆரம்பித்துவிட்டது. அப்போது வண்டியை உடனே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்த வேண்டும், அடுத்த ஊர் வரை போய்ப் பார்க்கலாம் என்று ஓட்டக் கூடாது. ஓட்டினால் அந்த முப்பத்தெட்டாயிரம் நிஜமாகவே செலவாகும்.

இன்னும் சிலர், கெட்டியான ஆயில் ஊற்று, ஒழுகலை நிறுத்தும் மருந்து பாட்டில் ஊற்று என்றார்கள். சில சமயம் வேலை செய்யலாம். ஆனால் எங்கள் வண்டியில் அடைத்துக்கொண்டது காற்று போகும் வழி. அதை விட்டுவிட்டு எந்த மருந்தை ஊற்றியிருந்தாலும் அழுத்தம் அப்படியேதான் இருந்திருக்கும்.

இன்ஜினை இறக்கவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. கம்ப்ரஷன் குறைவு, ஸ்பூன் ஆயில் விட்டால் ஏறுகிறது, பிளக் நனைகிறது, மிதித்தால் புகை வருகிறது, வழி அடைக்காமலே மூடியில் வாயு தள்ளுகிறது... இத்தனையும் ஒரே பக்கம் கை காட்டினால் பேசாமல் இறக்கிவிடுங்கள். அந்தச் செலவு நியாயமான செலவு. கை காட்டுவதற்கு முன்னால் இறக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

"சோதனைக்குக் காசு கொடுத்தா அதுலயும் ஏமாத்துவாங்க" என்று ஒருவர் சொன்னார். இருக்கலாம். அதற்கும் வழி இருக்கிறது. என்ன பார்த்தார், என்ன அளவு வந்தது, எந்த இடம் நனைந்தது என்று காட்டச் சொல்லுங்கள். கம்ப்ரஷன் அளவை எழுதித் தரச் சொல்லுங்கள். பவுடரில் விழுந்த கோட்டை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் போனால் மருந்துக்கு முன்னாலேயே பீஸ் கொடுக்கிறோம், ரத்தப் பரிசோதனைக்குத் தனியாகக் கொடுத்து ரிப்போர்ட்டை வாங்கி வருகிறோம். ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்று வந்தால் காசைத் திருப்பிக் கேட்பதில்லை, நிம்மதியாகத்தான் வருகிறோம். மெக்கானிக்கிடம் மட்டும் ஏன் வேறு நியாயம்?

இப்போது

வேலை முடிந்த பிறகு 1000 கிலோமீட்டர் ஓட்டி நோட்டில் எழுதிவிட்டேன். 200 மில்லி. முன்னால் 950க்கு 850.

அந்த 200 எங்கே போகிறது? மிதிக்கும்போது தெரிந்த அந்த லேசான நீலத்தை வைத்துப் பார்த்தால் உள்ளேதான் எரிகிறது. மெக்கானிக்கிடம் கேட்டதற்கு, "அது கெடக்கட்டும் தம்பி, எழுதிக்கிட்டே வாங்க. கூடுனா பாப்போம்" என்றார். வருடத்துக்கு நாங்கள் ஓட்டுவது ஏறக்குறைய 6000 கிலோமீட்டர். ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல் ஆயில். லிட்டர் 400 ரூபாய் என்றால் வருடத்துக்கு 480. முப்பத்தெட்டாயிரத்தை 480ஆல் வகுத்து அப்பாவிடம் காட்டினேன். 79 வருடம் வந்தது. "அதுவரைக்கும் வண்டி இருக்கும், நான் இருக்க மாட்டேன்" என்றார். அப்பத்தா பின் சீட்டில் இருந்து, "நான் இருப்பேன்டா, நீ வண்டியை ஓட்டு" என்றார் :-)

எங்கே போகிறது என்று தெரிந்த 200 மில்லியோடு நிம்மதியாக மதுரை போய் வருகிறோம்.

அந்த முந்நூறு ரூபாயை நான் இன்னும் கொடுக்கவில்லை. அடுத்த தடவை ஆயில் மாற்றப் போகும்போது கொடுப்பதாக இருக்கிறேன், மெஸ் பில்லில் மிச்சம் பிடித்து. அப்பாவிடம் சொல்லவில்லை. உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த தடவை உங்கள் வண்டியில் ஏதாவது கோளாறு என்றால், "சரி பண்ண எவ்வளவு ஆகும்?" என்று எடுத்தவுடன் கேட்காதீர்கள். "அண்ணே, என்னன்னு பாத்துச் சொல்ல எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் அவர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். பிறகு பள்ளத்தில் இறங்கி நிதானமாகப் பார்ப்பார் என்று நினைக்கிறேன்.